புரொக்டரின் படகுக்குப் போட்ட பின்தட்டு

மாத்தளையில் இருந்துகொண்டு படகு வேலை செய்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சுற்றிவர மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன் பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போக வேண்டும். எங்கள் பட்டறையோ பலாபத்வலையில், யாழ்ப்பாணத்துக்குப் போகும் பெருவீதியின் ஓரத்தில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளின் உருளைகள், கொக்கோ காயவைக்கும் விசிறிகள், நெல் ஆலைத் தண்டுகள், லொறிச் சட்டங்கள், இவைதான் எங்களுக்குச் சோறு போட்டவை. முப்பத்தொரு வருஷம் அங்கே இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன்.

இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் பட்டறையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். "அந்தக் காலத்து பெரிய பெரிய மெசின் வேலைகளப் பத்தி எழுதுங்கண்ணே" என்றார்கள். பெரிய மெசின்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன மரத்தட்டைப் பற்றியும், அதைச் செய்வித்த போர்மன் சாலிஹ் நானாவைப் பற்றியும் எழுதுகிறேன்.

நான் யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத் தொழிற்சாலையில் எஞ்சின் ஓட்டினார். பதினேழு வயதில் பட்டறைக்கு வந்தேன். இரண்டு வருஷம் அரம் பிடித்தேன். இன்னும் இரண்டு வருஷத்தில் துளை போடவும் வெல்டிங் செய்யவும் பழகினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை காய்த்துப் போனது, அவ்வளவுதான்.

சாலிஹ் நானா மாத்தளை டவுன்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால்தான் பட்டறையில் சிங்களவர், தமிழர் எல்லோருமே அவரைக் கூப்பிட்டோம். குள்ளமான மனிதர். வெள்ளைச் சாரம், அரைக்கைச் சட்டை, தலையில் தொப்பி, சட்டைப் பையில் மடக்கும் அடிமட்டம். 'என்ன' என்று நாங்கள் சொல்வதை அவர் 'எனத்த' என்பார், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார், 'சொல்ல' என்பதை 'செல்ல' என்பார். நேற்றுச் சேர்ந்தவனையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை நெல் ஆலைத் தண்டு ஒன்றை அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன். நல்ல உருக்கு, வீணாகிவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். "முத்து, எங்கேருந்து அளந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அடிமட்டத்தின் முனை தேய்ந்திருந்தது. அதை வாங்கி உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. புது மாதிரி வேலை எது வந்தாலும், தொடங்குவதற்கு முன் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் 'தெரியாதது' என்று தலைப்புப் போடுவார். பிறகு ஒவ்வொருவரிடமும் வந்து, "இந்த வேலையில நமக்குத் தெரியாதது எனத்த?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். தெரிந்ததைக் கேட்க மாட்டார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் புரொக்டர் கனகசபை பட்டறைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக் கோட்டில் வழக்குப் பேசி நல்ல பெயர் எடுத்து, இங்கேயே வீடு கட்டி இருந்துவிட்டவர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அவர் ஒரு மோட்டார் படகு வாங்கியிருந்தார். பதினெட்டு அடி நீளம், மர உடம்பு, நடுவில் நாலு சிலிண்டர் எஞ்சின். நாலந்தா நீர்த்தேக்கத்தில் ஓட்ட அனுமதியும் எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய், நடுநீரில் நங்கூரம் போட்டுக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். தண்ணீரிலிருந்து படகில் ஏறப் பின்பக்கம் ஒரு சாண் அகலத்தில் ஒரு பலகைதான் இருந்தது. அதில் கால் வழுக்கி அவருடைய மனைவிக்கு முழங்கால் தோல் உரிந்துவிட்டது.

"உதைக் கழட்டிப் போட்டுப் பெரிசா ஒண்டு செய்து தாங்கோ" என்றார் புரொக்டர். "நாலு பேர் இருந்து காலைத் தண்ணிக்குள்ள விடக்கூடியதா. செய்யேலுமோ?"

"ஏலும் எண்டு இப்ப செல்ல மாட்டேன் ஐயா. படக ஒருக்கா பாக்கணும்" என்றார் சாலிஹ் நானா.

படகை லொறியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். வீதியில் போன பஸ்கள் நின்று பார்த்துவிட்டுப் போயின. நானா கொப்பியை எடுத்தார். 'தெரியாதது' என்ற தலைப்பின் கீழ் மூன்று விஷயம் விழுந்தது. படகின் பின்சுவராக இருக்கும் பின்பலகை அந்தப் பாரத்தைத் தாங்குமா? நாலு பேர் பின்னால் உட்கார்ந்தால் படகு எவ்வளவு தாழும்? தட்டில் இருக்கிறவர்களுடைய கால் தண்ணீருக்குள் சுற்றும் விசிறிக்கு எட்டுமா? நாலாவதாகச் சொல்ல எங்களில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் பின்பலகையைப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே, காதை வைத்துக் கேட்டார். இடது மூலையில் சத்தம் மந்தமாக வந்தது. ஊசியால் குத்தினார், வெண்ணெயில் குத்தியது போல இறங்கியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அந்த மூலையை முழுதாக வெட்டி எடுத்து, புது மரம் வைத்து இணைக்க ஒரு வாரம் போனது.

அதன் பிறகுதான் தட்டு. பின்பலகை வளைவாக இருந்ததால், தேயிலைப் பெட்டிப் பலகையில் அந்த வளைவை வெட்டி, வைத்துப் பார்த்து, சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, இடையில் ஒரு தபாலட்டை நுழையாத அளவுக்குக் கொண்டு வந்தோம். தட்டு ஆறடி நீளம், மூன்றடி அகலம். தண்ணீர் தேங்காமல் வழிய, தேக்குச் சட்டங்களை விரலிடை விட்டு அடித்தோம். கீழே தாங்க மூன்று இரும்புத் தாங்கிகள். அவற்றை வெல்டிங் செய்தது நான். அவற்றைப் பிடிக்கும் புரியாணிகள் பின்பலகையை ஊடுருவி உள்ளே போய் உள்ளங்கை அகல இரும்புத் தகட்டில் முறுக்கப்பட்டன. "மரத்த நம்பி முறுக்காதீங்க, தகட்ட நம்பி முறுக்குங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாலந்தாவுக்குக் கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினோம். நாலு பேர் பாரத்துக்குச் சரியாக மண் மூட்டைகளைத் தட்டில் அடுக்கி, தண்ணீர் மட்டத்தைச் சோக்கட்டியால் கோடு போட்டார். பின்பக்கம் ஆறு விரல் தாழ்ந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் தொட்டியையும் பெட்டரியையும் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். மூன்று விரலாகக் குறைந்தது. கால் விசிறிக்கு எட்டுகிறதா என்று பார்க்க, எங்களில் ஆக நெட்டையான ஆளைத் தட்டில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னார். எட்டவில்லை. கொப்பியில் மூன்றையும் கோடிட்டு அடித்தார்.

படகைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டு வந்து கடைசிப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. தட்டுக்கு அடியில் என்னுடைய இரும்புத் தாங்கிகள் அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில், பின்பலகையிலிருந்து எஞ்சின் புகைக்குழாயின் கரி பிடித்த வாய் எட்டிப் பார்த்தது.

"நானா, ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு மறைச்சிட்டா பார்வையா இருக்கும். ஏர்ற எறங்குறவங்களுக்கு இரும்பு கால்ல இடிக்கவும் இடிக்காது" என்றேன்.

குனிந்து பார்த்தார். "நல்லா ஈக்கும். அடிங்க" என்றார்.

அடித்தேன். தண்ணீரைத் தொடும் வரை இறங்கும் இரண்டு தேக்குப் பலகைகள், ஓரத்தை உருட்டி வழவழப்பாக்கி அடித்தேன். படகு அப்போதுதான் முழு அழகாக வந்தது. புரொக்டர் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் கூட இப்பிடிச் செய்திருக்க மாட்டான்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

முதல் இரண்டு ஞாயிறு நல்லபடியாகப் போனது. மூன்றாவது ஞாயிறு, பாடசாலை விடுமுறைக் காலம். எஞ்சின் சூடேறினால் மறுபடி ஸ்டார்ட் எடுக்கத் தகராறு செய்கிறது, பட்டறையிலிருந்து ஓர் ஆள் கூட வந்தால் நல்லது என்று புரொக்டர் கேட்டிருந்தார். நானா என்னை அனுப்பினார்.

புரொக்டரும் அவருடைய மனைவியும், புரொக்டரின் தங்கை மகள் சந்திராவும் வந்திருந்தார்கள். சந்திராவுக்கு இருபத்துநாலு வயதிருக்கும். மாத்தளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். நன்றாக நீந்துவார். படகைப் பார்த்துக்கொள்ளும் பண்டா என்ற நாலந்தாக்காரரும் இருந்தார்.

நடுநீரில் முன்பக்கம் நங்கூரம் போட்டோம். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்று நான் மெதுவாக ஓடவிட்டிருந்தேன். வெயில் கொளுத்தியது. தேக்குச் சட்டம் உட்காரும்போது அச்சுப் பதிக்கிறது என்று புரொக்டரின் மனைவி தட்டின் மேல் ரப்பர் விரிப்பு ஒன்றை விரித்து உட்கார்ந்திருந்தார். சந்திரா தண்ணீருக்குள், தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெயில் படாமல் தலையை அதன் நிழலுக்குள் வைத்து மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷமோ கால் மணியோ அப்படி இருந்திருப்பார்.

"மாமி, எனக்குத் தலை இடிக்குது" என்று சொன்னது எஞ்சின் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"வெயில், பிள்ளை. மேல வா."

விளிம்பில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சத்தமே இல்லாமல் தலை கீழே போய்விட்டது. புரொக்டரின் மனைவி கத்தினார். எனக்கு நீந்தத் தெரியாது. நான் எழுந்து நிற்பதற்குள் பண்டா குதித்துவிட்டார். முடியைப் பிடித்து இழுத்து மேலே கொண்டு வந்தார். தட்டில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினோம். கை கால் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. பிறகு தண்ணீரும் சாப்பாடும் வாந்தியாக வந்தது. கண் திறந்தார். கரைக்கு வந்து காரில் ஏற்றும்போது தன்னுடைய பெயரைச் சொல்லும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். புரொக்டரின் குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு, வெயில் மயக்கம் என்றார்.

திங்கட்கிழமை நானாவிடம் சொன்னேன். "புள்ள இப்ப சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். அவர் உள்ளே போனார்.

இரண்டு வாரம் கழித்துப் புரொக்டர் மறுபடி வந்தார். முகத்தில் களையில்லை. படகை விற்கப் போகிறேன், வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஏன் என்று நானா கேட்டார்.

"பிள்ளைக்கு வலிப்பு எண்டு ஊரெல்லாம் கதை. கை கால் இழுத்ததை ஆரோ சொல்லிப் போட்டினம். பேசி முடிச்ச கலியாணத்தை மாப்பிள்ளை வீட்டுக்காரர் நிப்பாட்டிப் போட்டினம். பள்ளிக்கூடத்திலயும் இனி வகுப்புக்கு விடலாமோ எண்டு யோசிக்கினமாம். இஞ்சத்தைச் சனம் குளத்துத் தெய்வத்தின்ர கோபம் எண்டுது. நான் எதுக்கெண்டு மறுமொழி சொல்ல?"

அவர் போன பிறகு நானா என்னைத் தன் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். பட்டறையில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"முத்து, அண்டைக்கு நடந்தத விடாம செல்லுங்க. காலையில படகு ஏறினதிலேருந்து."

சொன்னேன். இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா? காற்று எந்தப் பக்கம்? முன்பக்கம் நங்கூரம் என்றால் காற்று முன்னாலிருந்துதானே, அப்படியானால் படகின் பின்புறத்தில் காற்றே இல்லையா? சந்திராவின் முகம் சரியாக எங்கே இருந்தது? தட்டின் மேல் ஏதாவது விரித்திருந்தார்களா?

"ரப்பர் விரிப்பு, நானா."

"மேல உக்காந்திருந்த அம்மாக்கு எப்படி?"

யோசித்துப் பார்த்தேன். "அவங்களும் காருல வர்றப்ப தலவலின்னாங்க. பயத்துல வந்ததுன்னு நெனச்சோம்."

நானா கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்குப் பக்கத்துக் கராஜில் முன்பு ஒரு மழைக்காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு லொறி எஞ்சினை ஓடவிட்டு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் மயங்கிக் கிடந்ததை நாங்கள்தான் தூக்கி வெளியே போட்டோம். அவருக்கும் முதலில் தலைவலி. அவருக்கும் கை கால் இழுத்தது.

"மேல விரிப்பு. முன்னால படகு. ரெண்டு பக்கமும் பலகை. நடுவுல பொகக் கொழாய்" என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "நாங்க தண்ணிக்கு மேல ஒரு கராஜ் கட்டிக் குடுத்தீக்கோம், முத்து. கதவையும் சாத்திக் குடுத்தீக்கோம்."

அந்தக் கதவைச் சாத்தியவன் நான்.

அவர் கொப்பியைத் திறந்தார். கோடிட்டு அடித்த மூன்றுக்கும் கீழே நாலு என்று போட்டு, 'புகை எங்கே போகும்?' என்று எழுதினார்.

பட்டறை முதலாளிக்கு விஷயம் போனது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தோட்டங்களின் நம்பிக்கையில் ஓடும் பட்டறை அது. "டாக்டரே வெயில் மயக்கம்னுட்டாரு. நாமளே போயி எங்க வேலையால வந்ததுன்னு சொல்லணுமா? நாளைக்கு எந்தத் தோட்டத்து தொர நம்மள நம்பி ரோலர் குடுப்பான்? அவரு வேற புரொக்டர். கோட்டுக்கு இழுத்தா?" என்று கேட்டார்.

"இழுத்தா வந்து நிப்பேன் மொதலாளி" என்றார் நானா. "அந்தப் புள்ளைக்கி இல்லாத நோயொண்ட ஊரே குடுத்தீக்கி. நாங்க வாய மூடிக்கிட்டு இருந்தா அது அந்தப் புள்ளைட பேரோட ஒட்டிக்கிடும்."

"அப்ப உங்க இஷ்டம். பட்டறைப் பேர இழுக்காதீங்க."

"பட்டறையில போர்மன் நான்தானே. ஏன்ட பேர செல்றேன்."

அடுத்த ஞாயிறு நாலந்தாவில் கூடினோம். புரொக்டர், சந்திராவின் தகப்பனாரான ஒரு பள்ளிக்கூட மாஸ்டர், அந்தக் குடும்ப டாக்டர், பண்டா. வர வேண்டாம் என்று சொல்லியும் சந்திராவும் வந்திருந்தார். டாக்டரை வரச் சொல்லிக் கேட்டது நானாதான். டாக்டர் வந்து பார்த்தால்தான் ஊர் நம்பும் என்பது நானாவின் கணக்கு.

அன்றைக்குப் போலவே காற்றுக்கு எதிராக முன்பக்கம் நங்கூரம் போட்டு, படகின் பின்புறம் கரையிலிருந்து தெரியும்படி நிறுத்தினோம். தட்டின் மேல் அதே ரப்பர் விரிப்பு. நானா ஒரு தடிக்குச்சியில் முகம் துடைக்கும் வெள்ளை லேஞ்சி ஒன்றைக் கட்டி, சந்திராவின் முகம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அவரிடமே கேட்டு, அந்த உயரத்தில் தட்டின் விளிம்போடு குச்சியைக் கட்டினார்.

மாஸ்டர் பொறுமையில்லாமல், "லேஞ்சிக்கு மயக்கம் வருமோ?" என்று கேட்டார்.

"வராது மாஸ்டர். எஞ்சின் பொக கண்ணுக்குத் தெரியாது. தெரியப் பண்ணிக் காட்டுறேன்" என்றார் நானா.

நான் படகில் இருந்தேன். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நானா கரையிலிருந்து கையைக் காட்டியதும் காபரேட்டருக்குள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். புகை கெட்டி வெள்ளையாக மாறியது. அது வெளியே பறந்து போகும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகவில்லை. தட்டுக்கு அடியில் நிறைந்தது. பலகைகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்த மாதிரி நின்றது. பிறகு பின் விளிம்பால் மட்டும் மெதுவாக வழிந்து, தண்ணீரோடு ஒட்டி, அந்த லேஞ்சியை மூடியது. லேஞ்சி கண்ணுக்கே தெரியவில்லை. நான் எண்ணெய் விடுவதை நிறுத்திய பிறகும் வெகு நேரம் அந்த வெள்ளை அங்கேயே கிடந்தது.

டாக்டர் கரையோரம் வரை இறங்கி வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சந்திராவிடம் அன்றைக்கு மயங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்று விவரமாகக் கேட்டார். அதற்குப் பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டன், மாஸ்டர். இது புகை நஞ்சு. வலிப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. இன்னும் அஞ்சு நிமிஷம் உதுக்குள்ள நிண்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டா. பள்ளிக்கூடத்துக்கும் நானே கடிதம் எழுதித் தாறன்."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "ஐயா, மாஸ்டர், இது எங்கட வேலையில வந்த பிழ. புள்ளைட ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. சின்னப் பலகை இருந்தப்ப பொக காத்தோட போச்சுது. பெருசாக்கினப்ப அது எங்க போகும் எண்டு நான் யோசிக்கல்ல."

நான் படகிலிருந்தே கத்திவிட்டேன்: "பலக அடிச்சு மறைக்கச் சொன்னது நான்தாங்க ஐயா! நானா இல்ல!"

"அவர் கேட்டார். அடிங்க எண்டு சென்னது நான்" என்றார் நானா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வழக்குப் போடுவாரோ என்று நான் புரொக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திராதான் முதலில் பேசினார்.

"அப்ப எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை, என்ன?"

"இல்ல மகள்" என்றார் நானா.

அவர் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாஸ்டரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். புரொக்டர் நானாவிடம் வந்து, "உதைக் கழட்டி எறியிறதோ, திருத்தேலுமோ?" என்று கேட்டார்.

"திருத்த ஏலும். இந்த தடவ நாலையும் பாத்துட்டுத்தான் தருவேன்."

படகு மறுபடி பட்டறைக்கு வந்தது. என்னுடைய இரண்டு பலகைகளையும் நானே கழற்றினேன். அவை இல்லாமல் புகை விட்டுப் பார்த்தோம். குறைந்தது, ஆனால் போகவில்லை. புகைக்குழாயைப் பின்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் துளையை மரமும் பிசினும் வைத்து அடைத்து, குழாயை வளைத்து இடது பக்கச் சுவரால் வெளியே விட்டோம். நாலந்தாவில் மறுபடி புகை விட்டோம். காற்று கொஞ்சம் திரும்பியபோது புகையும் சுற்றி வந்து தட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தது. எனக்கு அது போதும் என்று பட்டது. நானா, "காத்து எங்கட பேச்சக் கேக்காது" என்று சொல்லி, குழாயை இன்னும் நாலடி முன்னால் கொண்டு போக வைத்தார். அதற்கு எஞ்சின் மூடியையே வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை படகை நாலு திசைக்கும் திருப்பி வைத்துப் புகை விட்டோம். லேஞ்சியின் பக்கம் ஒரு நூல் புகை வரவில்லை.

அதோடும் அவர் விடவில்லை. எஞ்சின் ஏன் ஓடிக்கொண்டிருந்தது? சூட்டில் ஸ்டார்ட் எடுக்காததால். அது ஏன்? ஸ்டார்ட்டரைக் கழற்றினோம். உள்ளே பித்தளை தேய்ந்திருந்தது. அதைப் புதுப்பித்து, கைவசம் இருக்க இரண்டாவது பெட்டரி ஒன்றும் வைத்தோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் திறப்புக்குப் பக்கத்தில் ஒரு தகட்டில், ஆள் தண்ணீரில் இருந்தால் எஞ்சினை நிறுத்தவும் என்று தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுத வைத்தார். அது பண்டாவுக்காக, புரொக்டருக்காக, அதற்குப் பிறகு அந்தப் படகை யார் வாங்குகிறார்களோ அவர்களுக்காக.

முதலாளி இரண்டு மாதம் நானாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று அந்தத் தடவை தன்னுடைய உருளைகளை வேறு இடத்துக்கு அனுப்பியது உண்மை. அடுத்த வருஷம் அதே தோட்டத் துரை நேரே வந்து, "பிழையைச் சொல்ற போர்மன் யார்?" என்று கேட்டு உருளைகளை இறக்கிவிட்டுப் போனார். முதலாளி அதை எல்லோரிடமும் தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் டாக்டரின் வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்தார்களாம். சந்திரா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். புரொக்டர் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். சந்திரா வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு எனக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை செய்தார்கள், எனக்கு மேலேயும் எத்தனையோ பேர் இருந்தார்கள். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்களையும் பார்த்திருக்கிறேன். தன் வேலையில் வந்த பிழையைத் தேடிக்கொண்டு தானே போனவர் என்று ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

படகைத் திருப்பிக் கொடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் முழுவதும் நாலந்தாவுக்கு வந்திருந்தது. சாலிஹ் நானாவும் நானும் கரையில் நின்றோம். பெண்கள் குளிக்கிற இடம் என்று, நானா ஒரு கல்லில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, வீதியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். படகு கொஞ்சத் தூரம் போய் நின்றது. எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. சந்திரா தட்டில் வந்து நின்று கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். அவருடைய மாமி ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குதித்தார்.

"குதிச்சாங்களா?" என்று நானா திரும்பாமல் கேட்டார்.

"குதிச்சுட்டாங்க நானா."

அவர் கைகள் இரண்டையும் முழங்காலில் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்திரா படகை ஒரு சுற்றுச் சுற்றி நீந்தினார். பிறகு தட்டின் விளிம்பைப் பிடித்து, அதே இடத்தில், தலையை நிழலுக்குள் வைத்துக்கொண்டு மாமியோடு கதைக்க ஆரம்பித்தார். நிமிஷங்கள் போயின. சிரிப்புச் சத்தம் கரை வரை கேட்டது. கடைசியில் இரண்டு கையையும் ஊன்றி எம்பித் தட்டில் ஏறி உட்கார்ந்து, தலைமுடியைப் பிழிந்தார்.

"முத்து, ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க நானா. நல்லா இருக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு எழுந்து, சாரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, லொறியை நோக்கி நடந்தார். நாலந்தாவின் தண்ணீரை அவர் அன்றைக்கு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.